மேனியன் தூறல்

இது மழை பெய்த கதை. பெய்யாத கதை வேண்டுமென்றால் ராமநாதபுரம் சீமையில் எந்த ஊரில் இறங்கினாலும் சொல்வார்கள், எல்லா ஊரிலும் ஒரே கதைதான்.

தாது வருஷப் பஞ்சத்தில், எருக்கங்கண்மாய் என்கிற ஊரில் கண்மாய் வெடித்து, வெடிப்பில் விழுந்த கன்றுக்குட்டியைத் தூக்கிவிட ஆளுக்குத் தெம்பில்லாமல், எருக்கஞ்செடியே இலையைச் சுருட்டிக்கொண்டு நின்ற ஒரு பங்குனியில், கஞ்சித்தொட்டியையும் கல்லுடைக்கிற வேலையையும் மேற்பார்க்கச் சர்க்கார் அனுப்பிய பாட்ரிக் மேனியன் என்கிற துரை குதிரையில் வந்தான், அவன் தலைக்கு மேலே ஒரு கயிற்றுக்கட்டில் அகலத்துக்குத் தூறிக்கொண்டே வந்தது. மேகம் கிடையாது. சுற்றிலும் வெயில் தீயாக நின்றது, துரை மட்டும் நனைந்துகொண்டு வந்தான், குதிரை நனைந்துகொண்டு வந்தது, வந்த வழியெல்லாம் கோடு கிழித்த மாதிரி புல் முளைத்திருந்தது.

ஊர் ஆச்சரியப்படவில்லை. பட்டினி கிடக்கிறவனுக்கு அதற்கெல்லாம் ஏது தெம்பு. இருளாயி என்று ஒருத்தி எழுந்து போய் ஒரு மண்சட்டியைத் துரையின் இடது முழங்கைக்குக் கீழே பிடித்தாள், அங்கேதான் சொட்டு அதிகம். சட்டி நிறைகிற வரைக்கும் துரை அசையாமல் உட்கார்ந்திருந்தான். பிற்பாடு அவளையே கட்டிக்கொண்டான். அந்தக் கல்யாணத்துக்கு வேறு காரணம் இருந்ததாக யாரும் சொல்லவில்லை.

வெள்ளைக்காரன்தான். ஆனால் வெள்ளைக்காரனிடம் அடிவாங்கிய வெள்ளைக்காரன். ஊர் அயர்லாந்து. நாலு வார்த்தை தமிழ் பழகிய பிறகு அவனே சொன்னான்: அவன் குழந்தையாக இருந்தபோது அங்கேயும் பஞ்சம், உருளைக்கிழங்கு மண்ணுக்குள்ளேயே அழுகி நாறியது, இங்கே பஞ்சமென்றால் மழை நின்றுவிடும், அங்கே மழை நிற்கவே இல்லை, மேனியன் என்று பெயருள்ளவர்கள் ஒரு மலைச்சரிவு முழுக்க இருந்தார்கள், அவர்கள் வாயில் புல்லோடு சாகச்சாக மழை பெய்துகொண்டே இருந்தது, கடைசியில் பெய்வதற்கு ஆளில்லாமல் போய், மிச்சமிருந்த ஒரே பையன் பின்னால் அதுவும் கப்பலேறி வந்துவிட்டது.

அந்தப் பெயருக்கு முன்னால் ஆதியில் ‘ஓ’ என்று ஒன்று ஒட்டிக்கொண்டிருந்ததாம். ‘ஓ’ என்றால் பேரன். மேனியன் என்கிற ஏதோ ஒரு பழைய ஆளுக்குப் பேரன். எத்தனையோ தலைமுறையாக எல்லாரும் அந்த ஆளுக்குப் பேரனாகவே பிறந்து பேரனாகவே செத்திருக்கிறார்கள். அங்கே கஞ்சித்தொட்டி வைத்த இங்கிலீஷ்காரனுக்கு ‘ஓ’ போட்ட பெயர்களைப் பிடிக்காது என்று துரையின் அப்பன் அதை வாசலில் விட்டுவிட்டு உள்ளே போனானாம். திரும்பி வந்து பார்த்தபோது காணவில்லை. மேனியன் மட்டும் மிச்சம்.

அப்போது ஊரில் நீர்பாய்ச்சியாக இருந்தவர், அதாவது கண்மாய்த் தண்ணீரை எந்த வயலுக்கு எப்போது விடுவதென்று முறை வைக்கிறவர், துரையிடம் கேட்டார்.

“ஒங்க அப்பன் பேரும் மேனியன், பாட்டன் பேரும் மேனியனா?”

“ஆமாம்.”

“ஒரே பேரச் சொல்லிக் கூப்புட்டா எவன் திரும்பிப் பாப்பான்?”

“எல்லாரும்.”

“செத்தவனுமா?”

துரையின் மேல் தூறல் கொஞ்சம் கனத்தது.

நம் பக்கத்துப் பெயர்கள் அப்படியல்ல. ஆளுக்கு ஒரு பெயர், முன்னால் அப்பன் பெயரிலிருந்து ஓர் எழுத்து. மகன் காலத்தில் அப்பன் ஓர் எழுத்தாகச் சுருங்குவான், பேரன் காலத்தில் அந்த எழுத்தும் உதிர்ந்துவிடும். சாகத் தெரிந்த பெயர்கள். மேனியனுக்குச் சாகத் தெரியாது.

இருளாயிக்கு மகன் பிறந்தான். முப்பதாம் நாள் வரைக்கும் பிள்ளை காய்ந்தே கிடந்தது. பெயர் வைக்கிற அன்று துரை தொட்டில் மேல் குனிந்து, நம் வழக்கப்படி, பிள்ளையின் காதில் மூன்று முறை தன் பெயரைச் சொன்னான். சொல்லிவிட்டு விலகினான். அவனுடைய மழை அவனோடு விலகியது, தொட்டிலுக்கு மேலே ஒரு முறத்தின் அகலத்துக்குப் புதிதாக ஒரு தூறல் நின்றது. பெண்கள் குலவை போட்டார்கள். இருளாயி போடவில்லை.

அந்த வருஷம் ஊரில் பிறந்த பிள்ளைகள் அத்தனைக்கும் மேனியன் என்று பெயர் வைத்தார்கள். நாய்க்குக்கூட வைத்தார்கள். ஒரு சொட்டு இல்லை. பிறகுதான் புரிந்தது: பெயரைச் சுமக்கிற வாய், அடுத்த காதில் சொல்லவேண்டும். வெளியிலிருந்து ஊரே கூடிக் கத்தினாலும் மழைக்குக் காது கேட்காது. சொல்லி ஏற்றிய பெயரைக் கழற்றவும் முடியாது. ஒரு மேனியன் ரங்கூனுக்கு ஓடிப்போய் வேறு பெயர் சொல்லிப் பிழைத்துப் பார்த்தான், மழை ஏமாறவில்லை, நெல்லுக் கிட்டங்கியில் ஆறு மூட்டை முளைவிட்ட பிறகு விரட்டிவிட்டார்கள், ஈளை இருமலோடு திரும்பி வந்து செத்தான்.

கழற்ற ஒரே வழி பெண்ணுக்குத்தான் இருந்தது. துரையின் மகள் சவுரியம்மாளைக் கமுதிப் பக்கம் கட்டிக்கொடுத்தார்கள். மாப்பிள்ளை ஊரார் மழை வருகிறதென்று ஊருணியைத் தூர்வாரி வைத்துக்கொண்டு காத்திருந்தார்கள். தாலி கழுத்தில் ஏறியது, அப்பன் பெயர் இறங்கி மாப்பிள்ளை பெயர் ஏறியது, தூறல் சட்டென்று ஓய்ந்துவிட்டது. சவுரியம்மாள் தன் கையைத் தடவிப் பார்த்தாள். தலையைத் தொட்டுப் பார்த்தாள். பிறகு சிரித்தாள். கல்யாணத்தில் பெண் அழவேண்டும், இவள் கோயில் மாடத்துப் புறாவெல்லாம் பறக்கிற மாதிரி சிரித்தாள், மாப்பிள்ளை வீட்டார் தூர்வாரிய ஊருணியை நினைத்துக்கொண்டு நின்றார்கள். பிறந்த ஊருக்கு அவள் திரும்பி வரவே இல்லை. அதிலிருந்து மேனியன் பெண்களைக் கட்டிக்கொடுப்பதற்கு ஊரின் சம்மதம் வேண்டுமென்று ஆயிற்று. சம்மதம் கிடைக்காது.

ஊர் பழகிக்கொண்டது. எதற்குத்தான் பழகாது ஊர். கண்மாய் நீருக்கு முறை வைத்த மாதிரி மேனியன்மாருக்கும் முறை வைத்தார்கள், இன்று இன்னார் வயலுக்கு இன்ன மேனியன் என்று நீர்பாய்ச்சி விடிகாலையில் வந்து வாசலில் நின்று சொல்வார், நாற்றங்காலுக்குச் சின்னப் பிள்ளைகள், ஏனென்றால் அவர்களின் தூறல் பூத்தூறல், பயிரை அடிக்காது, மிளகாய்த் தோட்டத்துக்கும் கம்புக்கும் பெரியவர்கள், பொங்கலுக்கு மாட்டைக் குளிப்பாட்ட யார் சும்மா இருக்கிறார்களோ அவர்கள். அவர்கள் வரப்பில் ஏறி இறங்கி நடப்பார்கள், பின்னாலேயே ஈரம் நடக்கும். பக்கத்து ஊர்க்காரர்கள் எருக்கங்கண்மாயானைப் பார்த்தால், “வாடா, கொடை பிடிச்சு வெள்ளாம பாக்குறவனே” என்பார்கள். நடக்காத காரியத்துக்கு “மேனியன் வீட்டு அடுப்பு மாதிரி” என்பார்கள். அந்த வீட்டில் அடுப்பு எரியாது. விறகு காயாது, கூரை ஒரு வருஷம் தாங்காது, துணி உலராது, உப்புப் பானையில் எப்போதும் தண்ணீர்தான் இருக்கும். சோறு ஊரிலிருந்து முறைவைத்து வரும், அதில் குறை வைத்ததில்லை. திருவிழாவில் முதல் மரியாதை மேனியனுக்கு. கோயிலுக்கு உள்ளே விடமாட்டார்கள், விளக்கு அணைந்துவிடும். பரிவட்டத்தை வாசலுக்கு வெளியே கொண்டுவந்து ஈரத்தலையில் கட்டுவார்கள்.

சேற்றுப்புண், நெஞ்சுச்சளி, ஈளை. நாற்பதைத் தாண்டிய மேனியன் கிடையாது. ஒவ்வொருத்தர் போனபோதும் ஊர் அழுதது, பொய்யாக அழவில்லை, நெஞ்சில் அடித்துக்கொண்டு அழுதது. செத்த மேனியன் மேல் ஒரு பகல் தூறும், பிறகு ஓயும். அந்த ஒரு பகலையும் ஊர் வீணாக்காது.

சுதந்திரம் வந்தது, ஓட்டு வந்தது, கரண்டுக் கம்பம் வந்தது, மழை மட்டும் மேனியன் வீட்டிலிருந்துதான் வந்தது. அப்படியே தேய்ந்து தேய்ந்து அண்ணன் தங்கை இரண்டு பேரில் வந்து நின்றது. அண்ணன் மிக்கேல். தங்கை பிரிசித்தம்மாள், ஊருக்குப் பிரிசி. துரையின் ஆத்தாள் பெயராம் அது.

மிக்கேல் மிளகாய்த் தோட்டத்தில் முறை நடக்கும்போது இருமி, உட்கார்ந்து, சாய்ந்துவிட்டான். பிரிசி ஓடி வந்தபோது, கிடந்தவன் மேல் தூறிக்கொண்டிருந்தது, ஓடுகிற தண்ணீர் வீணாகாமல் இருக்க யாரோ அதற்குள் மண்வெட்டியால் பாத்தியைத் திருப்பிவிட்டிருந்தார்கள். கெட்ட எண்ணத்தில் செய்ததல்ல. கை பழகிவிட்டது. பிரிசி அந்தப் பாத்தியையே பார்த்துக்கொண்டிருந்தாள். மண் போட்டுவிட்டுத் திரும்பும்போது, அப்போது நீர்பாய்ச்சியாக இருந்த நல்லாண்டியிடம் ஒன்று சொன்னாள்.

“மாமா, இது என்னோட போகட்டும். இதை நான் எவங் காதுலயும் சொல்லமாட்டேன்.”

“எதை ஆத்தா?”

“பேரை.”

நல்லாண்டி துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். மிக்கேலைத் தன் கையால் குளிப்பாட்டியவர். குளிரில் நடுங்குகிறதே என்று தன் பிள்ளைகளுக்கு வாங்கிய கம்பளியை இந்த வீட்டுக்குக் கொடுத்தவர், அது ஒரு வாரத்தில் பூசணம் பூத்தது வேறு கதை. நல்ல மனுஷன். அதுதான் கஷ்டம்.

பிரிசிக்கு இருபத்தைந்து நடக்கும்போது சூசைமாணிக்கம் வந்தான். கடலோர உப்பளத்தில் வேலை, ஒழிந்த நாளில் சைக்கிளில் மூட்டை வைத்து ஊர் ஊராக உப்பு விற்பான். பிரிசி உப்பு வாங்கப் போய் நின்றாள். நின்ற பக்கம் மூட்டை ஒழுகியது.

“தாயி, அங்கிட்டுத் தள்ளி நில்லு. ஏம் பொழப்பு கரையுது.”

“படிய இங்கிட்டு நீட்டுங்க, நான் வரல.”

“நீட்டுனா படியில உப்பா இருக்கும்? ஊறுகாத் தண்ணிதான் இருக்கும்.”

அவளுக்குச் சிரிப்பு வந்தது. சிரித்து நாளாயிற்று, இருமலில் போய் முடிந்தது. அடுத்த வாரம் அவன் மூட்டையை மூடாமல் வந்தான். அதற்கடுத்த வாரம் சைக்கிளைத் தூறலுக்குள்ளேயே கொண்டுவந்து நிறுத்தினான், உப்பு சாக்கிலிருந்து வெள்ளையாக வழிந்து தெருவில் ஓடியது, அவன் அதைத் திரும்பியும் பார்க்கவில்லை.

“மழைன்னா பிடிக்குமாக்கும்?” என்றாள்.

“உப்பளத்துக்காரனுக்கா? மழை பேஞ்சா எங்க வீட்டுல எழவு. மாசக்கணக்கா காச்சுனது ஒரே நாள்ல போயிரும்.”

“பெறகு என்னத்துக்கு வாறீக?”

“மழையப் பாக்க வரல.”

பிறந்த நாளிலிருந்து அவளை மழையில்லாமல் பார்த்தவன் அவன் ஒருத்தன்தான். பிரிசி அன்றைக்கே முடிவு செய்துவிட்டாள். அவனைக் கட்டிக்கொண்டால் பெயர் இறங்கும், காய்ந்த பாயில் படுக்கலாம், கூந்தலை விரித்து வெயிலில் உலர்த்தலாம், பிள்ளை பிறந்தால் இருமாமல் தூங்கும். மேனியன் என்பது அதோடு முடியும்.

ஊர் கூடியது. மழை பொய்த்து அது மூன்றாவது வருஷம், கண்மாயில் பிள்ளைகள் பம்பரம் விட்டார்கள், இருந்த ஒரு தூறலில்தான் நாற்றங்கால் பச்சை பிடித்திருந்தது. யாரும் கத்தவில்லை. பெண்கள் தங்கள் கைக்குழந்தைகளைத் தூக்கிக்கொண்டு வந்து பிரிசிக்கு முன்னால் சும்மா உட்கார்ந்தார்கள். நல்லாண்டிதான் பேசினார்.

“நீ கட்டிக்க ஆத்தா. வேணாங்கல. மாப்ள வீட்டோட வரட்டும். ஒம் பேரை அவரு எடுத்துக்கிறட்டும்.”

“மாமா, நான் என்ன சொன்னேன் ஒங்ககிட்ட?”

“சொன்ன. இல்லேங்கல.”

“சொல்லமாட்டேன்னு சொன்னேன்.”

அறுபது வயது மனுஷர், வேட்டியைக் கூட்டிப் பிடித்துக்கொண்டு, சேறான அந்த வாசலில் நெடுஞ்சாண்கிடையாக அவள் காலில் விழுந்தார். பின்னாலேயே ஊர் விழுந்தது. பிள்ளைத்தாய்ச்சி ஒருத்தி விழ முடியாமல் உட்கார்ந்து தரையைத் தொட்டாள். அத்தனை முதுகும் நனைந்தது. எதிர்த்து நிற்கிற ஊரை மனுஷி எதிர்த்து நிற்கலாம், காலில் கிடக்கிற ஊரை என்ன செய்வாள்.

சூசைமாணிக்கம் அவளைத் தனியே கூப்பிட்டுச் சொன்னான்.

“பேருதானே புள்ள. சட்டை மாதிரி போட்டுக்கிறேன்.”

“இது கழட்ட முடியாத சட்டை.”

“நீயும் போட்டிருக்கேல்ல? ஒண்ணா நனைவோம்.”

கல்யாணம் மாதா கோயில் வாசலுக்கு வெளியே நடந்தது. தாலிக்கு முன்னால் பெயர். பிரிசி அவன் காதுக்குப் பக்கத்தில் வாயை வைத்துக்கொண்டு வெகுநேரம் நின்றாள். ஊர் மூச்சுவிடாமல் நின்றது. அவள் முதலில் சொன்னது, “இப்ப வேணாம்னு சொல்லுங்க, சைக்கிள்ல ஏறிப் போயிருவோம்” என்று. அவன், “சொல்லு புள்ள, ஊரு கால்கடுக்க நிக்குது” என்றான். சொன்னாள். அவன் மேல் விழுந்த முதல் தூறலில் உடம்பு சிலிர்த்து ஒரு தும்மல் போட்டான், ஊர் சிரித்தது, குலவை போட்டது, இரண்டு மழை சேர்ந்து ஒரு களத்துமேட்டு அகலத்துக்குப் பெய்தது. பிரிசி வாயைப் புறங்கையால் துடைத்துக்கொண்டாள்.

அவன் ஒரே ஒரு தடவை உப்பளத்துக்குப் போனான். வரப்பில் ஏறி நின்றதும் பக்கத்துப் பாத்தியில் பூத்திருந்த உப்பு கண்ணெதிரே கரைந்தது. கூடவே வேலை செய்தவர்கள் யாரும் திட்டவில்லை. பலகையை ஊன்றிக்கொண்டு அவனையே பார்த்தார்கள். திட்டியிருக்கலாம். திரும்பி வந்து முறையில் சேர்ந்துகொண்டான்.

வெயிலில் வெந்து வளர்ந்த உடம்பு. பிறவி மேனியன்மாருக்கு நாற்பது வயது வரை தாங்கியது இவனுக்கு இரண்டு வருஷம் தாங்கவில்லை. கால் வெடிப்பெல்லாம் வெள்ளையாக ஊறி உரிந்தது, நெஞ்சுக்குள் யாரோ பாக்கு உரலில் இடிக்கிற மாதிரி சத்தம். கடைசி மாசத்தில் இருமலுக்கு இடையே, “நாக்குல ஒரு கல்லு உப்பு வையி” என்பான். அவள் ஊரில் யார் வீட்டிலாவது வாங்கி, கையில் மூடிக்கொண்டு ஓடி வருவாள். வந்து சேரும்போது கையில் ஈரம்தான் இருக்கும். அந்த ஈரத்தை அவன் உதட்டில் தடவுவாள்.

பிரிசி ஆறு மாசமாக இருக்கும்போது போய்விட்டான். மண்மேட்டின் மேல் ஒரு பகல் தூறியது. மண்வெட்டியோடு வந்தவர்கள் அவளைப் பார்த்துவிட்டு மண்வெட்டியைப் பின்னால் மறைத்துக்கொண்டு போனார்கள்.

பெண் பிள்ளை பிறந்தது. முப்பதாம் நாள் ஊர் முழுக்க அந்த வாசலில் நின்றது. ஆளுக்கொரு குடம், சட்டி, அண்டா. கண்மாய்க்கு வாய்க்கால் வெட்டி வைத்தாயிற்று. பிள்ளை காய்ந்த துணியில், காய்ந்த தொட்டிலில் கிடந்தது. சூசைமாணிக்கத்தின் அக்காள் ரெஜினா உப்பளத்திலிருந்து வந்திருந்தாள், தொட்டில் கயிற்றைப் பிடித்துக்கொண்டு நின்றாள். பிரிசி எட்ட இருந்து நடந்து வந்தாள். குனிந்தாள். அவளுடைய மழை பிள்ளையின் நெற்றியில் விழுந்தது, பிள்ளை கண்ணைச் சுருக்கியது. காதில் சொன்னாள், ஒரு தடவை, இரண்டு தடவை, மூன்று தடவை. பிறகு நிமிர்ந்து பின்னால் நடந்தாள், மழை அவளோடு பின்னால் நடந்தது, ஊர் தலையைத் தூக்கித் தொட்டிலுக்கு மேலே பார்த்தது.

வெயில். தொட்டில் விளிம்பில் ஒரு தும்பி வந்து உட்கார்ந்தது.

நல்லாண்டி தொட்டிலுக்குப் பக்கத்தில் வந்தார்.

“என்ன பேரு ஆத்தா சொன்ன?”

“அமலோற்பவம்.”

“அதோட?”

“அதோட அவ அப்பன் எழுத்து. எல்லாரையும் போல.”

“ஊரைக் கொன்னுட்டியே தாயி.”

“ஒங்க வீட்டுல மழையில்லாம சாவீக, மழை பேஞ்சா பொழைப்பீக. எங்க வீட்டுல மழையிலதான மாமா சாகுறோம்.” கொஞ்சம் நின்று இருமிவிட்டுச் சொன்னாள். “நான் இருக்கேன்ல. நான் கெடக்குற மட்டும் முறைக்கு வாறேன். காலையில வந்து கூப்புடுங்க.”

ஊர் காலிக் குடங்களைத் தூக்கிக்கொண்டு போயிற்று. ஆனால் விடவில்லை. பிள்ளை தூங்கும்போது வேலிக்கு வெளியே நின்று யாராவது, “மேனியா, ஏ மேனியா” என்று கூப்பிட்டுப் பார்ப்பார்கள். பிள்ளை தூக்கத்தில் சிரிக்கும். ஒன்றும் பெய்யாது.

தன் மழை பிள்ளையை நனைக்கும் என்று பிரிசிக்குத் தெரியும். பால் கொடுக்கும்போது பனையோலைத் தடுக்கைப் பிள்ளையின் தலைக்கு மேலே பிடித்துக்கொண்டு கொடுத்தாள், காற்றடித்தால் சாரல் விழும், பிள்ளைக்கு முதல் சளி பிடித்த அன்று, அந்த நெஞ்சில் காதை வைத்துக் கேட்டுவிட்டு, ரெஜினாவுக்குச் சொல்லி அனுப்பினாள். ரெஜினா வந்து தூக்கிக்கொண்டு போனாள். உப்பளத்து வெயிலில், உப்புக் காற்றில், அமலு காய்ந்து கறுத்து நெடுநெடுவென்று வளர்ந்தாள். திருவிழாவுக்குத் திருவிழா அத்தையோடு வருவாள். தாய் தூறலுக்குள் நிற்பாள், மகள் வெளியே நிற்பாள், நடுவில் ஈரமண்ணுக்கும் காய்ந்த மண்ணுக்கும் கோடு.

“நான் உள்ள வரட்டா?”

“வேணாம். அங்கிட்டே நின்னு பேசு.”

“ஒரு வாட்டி.”

“தலைக்கு எண்ண வைக்கிறாளா அத்தை? திரும்பு, பாப்போம்.”

அமலு திரும்பிக் காட்டுவாள். முடி பின்னல் போட்டு, காய்ந்து, வெயிலில் மினுக்கும். பிரிசி பார்த்துக்கொண்டே இருப்பாள். அமலு மெதுவாகக் கையை நீட்டுவாள், விரல் நுனியில் ஒரு சொட்டு விழும், பிரிசி சட்டென்று ஓரடி பின்னால் போவாள், மழை ஓரடி பின்னால் போகும். வீட்டுக்குப் போகிற வழியெல்லாம் அமலு அந்த விரலை வாயில் வைத்துக்கொண்டு போவாள். மற்றப் பிள்ளைகளுக்குத் தாய் மடியில் மணக்கும். இவளுக்குத் தாய் என்றால் எட்ட நின்று பெய்கிற ஒன்று.

பிரிசி நாற்பதைத் தாண்டினாள். மேனியன்மாரில் அவள்தான் தாண்டியது. பிடிவாதத்தில் இருந்தாள் என்றுதான் சொல்லவேண்டும், ஊருக்கு வாக்குக் கொடுத்திருந்தாள், இருமிக்கொண்டே, கோலை ஊன்றிக்கொண்டே முறைக்கு நடந்தாள். ஓர் ஆவணி விடியலில் நல்லாண்டி வாசலில் நின்று கூப்பிட்டபோது உள்ளிருந்து பதில் வரவில்லை. தூறல் சத்தம் மட்டும் கேட்டது.

பொழுது ஏறுவதற்குள் அடக்கம் செய்துவிட்டார்கள், மண் சேறாகி நிற்காதென்று மேனியன்மாரை அப்படித்தான் சீக்கிரம் அடக்குவார்கள். செய்தி கேட்டு அமலு வந்தபோது மேடு போட்டாயிற்று. மேட்டின் மேல் ஒரு கயிற்றுக்கட்டில் அகலத்துக்குத் தூறிக்கொண்டிருந்தது. சுற்றிலும் ஊர் நின்றது. கையில் குடங்கள் இருந்தன, ஆனால் யாரும் பக்கத்தில் போகவில்லை, மண்வெட்டி ஒன்றுகூட இல்லை. அந்த ஒரு பகல் முடிந்தால் எருக்கங்கண்மாயில் மழை முடிந்தது, எல்லாருக்கும் தெரியும். அதைவிட எல்லாருக்கும் ஓர் ஆசை இருந்தது, மகள் தாயின் பெயரைத் தானே சொல்லிக்கொண்டால் ஒருவேளை மழை கேட்டாலும் கேட்கும் என்று. நல்லாண்டிக்கு எண்பதை நெருங்கியது, பார்வை மங்கல். அமலு வந்த சத்தத்தைக் கேட்டுக் கையை நீட்டினார்.

“அமலு. ஒன்னயக் கட்டாயப்படுத்தல ஆத்தா. சொல்லணும்னு தோணுனா சொல்லு.”

அமலு அவரைத் தாண்டிப் போனாள். ஈரமண் கோட்டில் ஒரு கணம் நின்றாள், பழக்கம். பின்னால் நகர அங்கே யாருமில்லை. உள்ளே போனாள். மேட்டுக்குப் பக்கத்தில் ஒருக்களித்துப் படுத்து, மண்மேல் ஒரு கையைப் போட்டுக்கொண்டாள், தாயின் வயிற்றில் கைபோட்டுப் படுக்கிற பிள்ளை மாதிரி. தூறல் அவள் தலையில் விழுந்தது, எண்ணெய் வைத்த பின்னலில் விழுந்தது, கண்ணில், காதில், வாயில் விழுந்தது. அவள் கண்ணை மூடவில்லை. உச்சிவெயில் ஏறியது, ஊர் நின்ற இடத்திலேயே நின்றது, வெயில் சாய்ந்தது, குழந்தைகளைக்கூட யாரும் சோறுண்ணக் கூப்பிடவில்லை, அமலு ஒரு வார்த்தை சொல்லவில்லை, அயர்லாந்தில் ஒரு மலைச்சரிவில் பெய்ய ஆளில்லாமல் புறப்பட்ட அந்த மழை மேட்டின் மேலும் மகளின் மேலும் மெலிந்து மெலிந்து, நூலாகி, பொழுது இறங்கும் நேரத்தில் எது கடைசிச் சொட்டு என்று யாருக்கும் தெரியாமல் நின்றது.

அமலு எழுந்தாள். தாவணி உடம்போடு ஒட்டியிருந்தது, முந்தியிலிருந்து சொட்டிக்கொண்டிருந்தது. கடற்கரைப் பாதையில் நடந்தாள். நல்லாண்டி ஒரு செம்பை எடுத்துக்கொண்டு, தடவித் தடவி, கொஞ்ச தூரம் பின்னாலேயே வந்தார்.

“ஆத்தா. பிழிஞ்சுட்டாவது போ.”

அவள் நின்றாள். முந்தியைக் கையில் எடுத்துப் பார்த்தாள். பிறகு அதை இறுக்கித் தோளைச் சுற்றிப் போர்த்திக்கொண்டு நடந்தாள். நல்லாண்டி அதற்குமேல் வரவில்லை.

வழி நெடுக வெக்கைக் காற்று. சொட்டு நின்றது, பிறகு ஈரம் நின்றது, பிறகு குளிர்ச்சி நின்றது. உப்பளத்தை எட்டும்போது தாவணி மொடமொடவென்று காய்ந்திருந்தது. அவள் வரப்பில் ஏறி, இருபக்கமும் பூத்துக் கிடந்த உப்புக்கு நடுவே நின்று, கொஞ்ச நேரம் கீழே பார்த்தாள்.

ஒரு கல்கூடக் கரையவில்லை.